ஆவடி விசாரணைக்கு ஒத்திகை

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் இஸ்மாயில் பாயிடமிருந்து போன். பூந்தமல்லியில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர், பணம் போட்டு ஏமாந்த எங்கள் சங்கத்துக்குத் தலைவர். "அகல்யாம்மா, விசாரணைக் கமிட்டி ஆவடிக்கே வருது! ஜூலை அஞ்சு. ஆபீசருங்க மேடையில உக்காந்து நமக்குப் பதில் சொல்லணுமாம்" என்றார். நான் போட்ட கூச்சலில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

பொன்வாசல் ஃபைனான்ஸ் மூடி ஒன்றேகால் வருடம் ஆகிறது. அதோடு சேர்ந்து இந்தப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. அவற்றில் பணம் போட்டு முதலாளிகள் நொடித்ததால் தொழிற்பேட்டையில் பல லேத் பட்டறைகள் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. முதலாளி ஜெயிலில் இருக்கிறான், சரி. ஆனால் இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அலுவலகம் இருக்கிறதே? பொன்வாசல் மூடுவதற்கு ஒரு வருடம் முன்பே, 'இங்கே ஏதோ சரியில்லை, வந்து பாருங்கள்' என்று நாங்கள் நாற்பது பேர் அங்கே மனு கொடுத்தோம். அதை யார் படித்தார்? படித்துவிட்டு என்ன செய்தார்? இன்றுவரை பதில் இல்லை. டிவியில் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் தெரிகிறது — பேராசை. கமிட்டியும் அதையே எழுதிவிட்டுப் போனால் கதை முடிந்தது. நாளைக்கு இன்னொரு கம்பெனி இதே ரோட்டில் கடை விரிக்கும், அதே அலுவலகம் அதே மாதிரி தூங்கும்.

ஒரு சங்கத்துக்கு ஒரே ஒரு கேள்வியாம். போதும்! ஒன்று போதும்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு பதவி கிடைத்தது. அதிகாரி!

கொரட்டூரில் பாயின் குடோனில் கூட்டம். போன மார்ச்சில் நடந்த கதை யாருக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து மைக்கைப் பிடித்தார், நாங்கள் கத்தினோம், ஒரு நாற்காலி பறந்தது, பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி அவர் ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டார். இந்த முறை அப்படி ஆகக் கூடாது, முன்கூட்டியே ஒத்திகை பார்ப்போம் என்றார் பாய். அதிகாரியாக யார் உட்காருவது? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கால் சென்டரில் பதினைந்து வருடமாகக் கோபக்காரர்களைச் சமாளித்து அனுப்புவதுதானே என் பிழைப்பு!

உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். வந்த கேள்வியை எல்லாம் அடித்து அனுப்பினேன். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.' 'விதிகளின்படி பரிசீலிக்கப்பட்டு வருகிறது.' 'அது வேறு பிரிவு.' எங்கள் சங்கத்து எழில் வக்கீலிடம் கேட்டு எழுதிவந்த கேள்வி பத்து வரி இருந்தது. அதில் எனக்குப் பிடித்த வரிக்கு மட்டும் பதில் சொல்லி உட்கார வைத்துவிட்டேன். யாராவது கத்தினால் இன்னும் சுலபம். "அமைதியாகப் பேசினால் மட்டுமே பதில் தர முடியும்" என்று கையைக் கட்டிக்கொண்டால் முடிந்தது.

லோகநாயகி அக்காவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறவர், வீட்டுக்காரர் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை. வேப்பம்பட்டில் அவர்கள் கட்ட ஆரம்பித்த வீடு, பொன்வாசலில் பணம் போனதால் தூண்களோடு நின்றுவிட்டது. "தா, நீ எங்க பக்கமா, அவுங்க பக்கமா? உம்மூஞ்சப் பாத்தாலே பத்திகினு வருது எனுக்கு!" என்றார். பிறகு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அந்த ஸ்டூலில் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேனே... நானே இப்படி என்றால் உண்மையான அதிகாரி எப்படி இருப்பார்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான் ஓடியது.

ஜூன் 16, திங்கள்

என்னை யாராலும் மடக்க முடியாதா? யோசி அகல்யா, யோசி.

ஜூன் 19, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!!

காலை பதினோரு மணி வாக்கில் ஒரு பெரியவர் போனில் வந்தார். "எம் புகார யாரும்மா பாக்கறாங்க?" என்றார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகவில்லை, மூச்சு கேட்கிறது, பேச்சு மட்டும் இல்லை. எங்கள் வேலையில் லைனில் இப்படி மௌனம் விழுந்தால் மார்க் போகும், எதையாவது பேசி நிரப்பியே ஆக வேண்டும். இன்னொரு பதில் சொன்னேன். அதற்கும் மௌனம். மூன்றாவது தடவை என் வாயில் உண்மை வந்துவிட்டது: "சார், இன்னும் யாருமே பாக்கலை. நானே இன்னைக்கு எடுத்துட்டுப் போறேன்."

திட்டுகிறவர்கள் எங்களுக்கு நல்லது செய்கிறார்கள். அவர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் நாங்கள் அந்த அதிகாரிக்குச் செய்த உதவியும் அதுதான். கத்திக் கத்தி அவரைக் காப்பாற்றி அனுப்பியிருக்கிறோம்! அடக் கடவுளே.

கேட்க வேண்டியது ஒரே வரி. கேட்டுவிட்டு மண்டபம் முழுக்க வாயை மூட வேண்டும். பாய்க்கு போன் செய்து சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எனக்கே தாங்கவில்லை, "என்ன பாய், சரிதானே, சரிதானே?" என்று நானே நாலு தடவை கேட்டுவிட்டேன். "பாத்தீங்களா, வேலை செய்யுது" என்று சிரித்தார் மனிதர்!

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் ஒத்திகை. படுதோல்வி, ஆனால் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

நாற்பது பேரால் ஒரு நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவருக்கு இருமல், ஒருவர் செல்போனில் முருகன் பாட்டு, எழிலுக்குச் சிரிப்பு. லோகநாயகி அக்கா அரை நிமிடம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு வெடித்தார். "இன்னாய்யா இது! நாலு வார்த்தை நாக்கப் புடுங்கிக்கற மாரி கேக்கத்தானே அம்மாந்தூரம் போறோம்? ஊமை மாரி குந்திகினு இருந்தா எவன் மதிப்பான்?"

எனக்கும் அந்த நேரம் சந்தேகம் வந்துவிட்டது. எங்களுக்கு இருப்பதே குரல் ஒன்றுதான். அதையும் மூடு என்கிறேனே, இது நியாயமா?

பாய் எழுந்து வெளியே போனார். பெட்டிக்கடையில் இருந்த, இலந்தைப்பழத்தைக் கொட்டையோடு இடித்துச் செய்த எலந்தவடைப் பாக்கெட்டை எல்லாம் சரமாக வாங்கி வந்தார். ஆளுக்கு ஒன்று வாயில் போட்டு அடக்கிக்கொள்ளச் சொன்னார், கடிக்கக் கூடாது. அதிகாரி நாற்காலியில் நான். எதிரே நாற்பது உப்பிய கன்னங்கள் என்னையே பார்க்கின்றன. முதல் நிமிடம் சிரிப்பாக இருந்தது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. எனக்கு நிஜமாகவே வியர்த்தது. யாரும் எதுவும் கேட்காமலே, "சரி, தப்புதான்" என்று எழுந்துவிட்டேன்.

குடோனே அதிர்கிற மாதிரி கை தட்டினார்கள். கேள்வியை லோகநாயகி அக்காதான் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

ஜூலை 2, புதன்

என் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டில் கேட்டார்: "எலந்தவடையச் சப்பினா பணம் வந்துருமா அகலு?" கிண்டல்தான், ஆனால் சுருக்கென்று தைத்தது. "வராது, வராதுன்னு எனக்கும் தெரியும். நூம்பல்ல இருக்கிற இந்த ஃப்ளாட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் லோன் கட்டணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது வாயத் தொறந்து 'நான் பாத்தேன், நான் விட்டுட்டேன்'னு சொல்ல வேணாமா? பேராசை பேராசைன்னு நாங்க மட்டுமே எத்தனை நாள் கேட்டுக்கிட்டு இருக்கிறது?"

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். இவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சனிக்கிழமை நானும் வரேன். எனக்கும் ஒண்ணு எடுத்து வை" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

தூக்கம் வரவில்லை. சந்தோஷமா பயமா, தெரியவில்லை.

ஜூலை 5, சனி

எழுதியே ஆக வேண்டும்.

ஆவடியில் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. நாங்கள் நாற்பது பேர் என்றால் மற்றச் சங்கத்துக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பாயும் எழிலும் வாசலிலேயே நின்று ஒவ்வொருவர் கையிலும் எலந்தவடையைக் கொடுத்து விஷயத்தைக் காதில் சொன்னார்கள். சிலர் பைத்தியமா என்று பார்த்தார்கள், ஆனாலும் வாங்கிக்கொண்டார்கள். மேடையில் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. பக்கத்தில் கண்காணிப்பு அலுவலகத்தார் மூன்று பேர். சுவரோரம் போலீஸ்.

லோகநாயகி அக்கா மைக்கைப் பிடித்தார். "நாங்க குட்த்த மனுவ யாரு படிச்சது? படிச்சிட்டு இன்னா செஞ்சாரு?" அவ்வளவுதான். எலந்தவடையை வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

நடு நாற்காலி அதிகாரி பேசினார். "மனு முறைப்படி பரிசீலிக்கப்பட்டது." சொல்லிவிட்டுக் கூச்சலுக்குக் காத்திருந்தார், எனக்கு நன்றாகத் தெரிந்தது, நான் காத்திருந்த மாதிரியே. கூச்சல் வரவில்லை. "உரிய நடவடிக்கைகள்..." என்று ஆரம்பித்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும். தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து "டேய் திருட்டு..." என்று ஆரம்பித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. என் வீட்டுக்காரர் பாய்ந்து போய் அவர் வாயில் தன்னுடைய எலந்தவடையைத் திணித்து உட்கார வைத்தார்!

மறுபடி மௌனம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த மூவரையும் பார்த்தார்.

ஓரத்தில் இருந்த அதிகாரி, நாங்கள் கணக்கிலேயே எடுக்காத ஆள், மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "நான்தான் படிச்சேன். கம்பெனியை நிறுத்தி வைக்கணும்னு எழுதி சார்கிட்ட அனுப்பினேன். இப்ப வேண்டாம்னு திருப்பிட்டார். நான் மறுபடி அனுப்பலை. அனுப்பியிருக்கணும்" என்றார். எந்த சார் என்று நீதிபதி அம்மா கேட்டார். அவர் நடு நாற்காலியைக் காட்டினார்.

அதற்கு மேல் மௌனமாவது ஒன்றாவது! மண்டபமே எழுந்தது. கத்தினோம், அழுதோம், இனிமேல் கத்தலாம். நீதிபதி அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். லோகநாயகி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "யம்மா, கொட்டையோட முழுங்கிட்டேன்டீ!" என்று சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர்.

ஜூலை 6, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கு கால் சென்டரில் என்ன செய்யப்போகிறேனோ.

ஆகஸ்ட் 20, புதன்

அறிக்கை வந்துவிட்டது. பாய் போனிலேயே படித்துக் காட்டினார். அந்த மனுவின் மேல் நடவடிக்கை எடுத்திருந்தால் பெரும்பகுதி இழப்பைத் தடுத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நடு நாற்காலிக்காரர் சஸ்பெண்ட். ஓரத்து அதிகாரிக்கும் தண்டனை உண்டு, ஊதிய உயர்வு நிறுத்தம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சரிதான். பேராசை என்ற வார்த்தை அறிக்கையில் எங்குமே இல்லை. பணத்தைப் பற்றி நீதிமன்றம்தான் சொல்ல வேண்டுமாம். பாயசம் வைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

சாயங்காலம் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூட்டம். புதிதாக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, வாசலில் கட்டிய வாழைமரம்கூட இன்னும் வாடவில்லை. இன்று சாயங்காலம்தான் பணம் வாங்க ஆரம்பிப்பதாக இருந்ததாம். கதவுக்கு சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பணம் கட்ட வந்தவர்களுக்கு ஆத்திரம். "நல்லா கீற கம்பெனிய மூடறியே, நீ யாருய்யா?" என்று ஒரு பூக்கார அம்மா சண்டைக்குப் போனார். சீல் வைத்த இளைஞர் ஓடவில்லை. படியிலேயே நின்று சொன்னார்: "எம் பேரு ஸ்ரீகாந்த். கண்காணிப்பு அலுவலகம். நான்தான் மூடச் சொல்லி கையெழுத்துப் போட்டேன். தப்புன்னா எம் மேலயே மனு குடுங்க." கேட்டவர்களுக்கெல்லாம் செல் நம்பரும் கொடுத்தார்.

யாரும் சமாதானம் ஆகவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக பஸ் ஏறிப் போனார்கள். பணம் அவரவர் பையிலேயே இருந்தது.