துறைமுகச் சந்தில் ஒரு கதவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. என் முழங்கால்களைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய துறைமுகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்பாவுக்கு மாறுதலாக இருக்கும் என்று டிக்கெட் எடுத்து அனுப்பினாயே, அவர் என்னத்தைப் பார்த்தார் தெரியுமா? கோட்டையில் வெயிலாம், அருங்காட்சியகம் இருட்டாம், கலங்கரை விளக்கத்தின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. கப்பல் கயிறு விற்கும் சந்து ஒன்றுக்குள் மட்டும் போகிறார், வருகிறார், மறுபடியும் போகிறார். கேட்டால் கட்டட அழகைப் பார்க்கிறாராம். ஐயா எதையாவது தொலைச்சுட்டாராம்மா என்று கயிற்றுக் கடைக்காரரே என்னிடம் கேட்டுவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உன் சித்தப்பா குடியிருப்பது அந்தச் சந்தின் கோடியில். உன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று இவர் பேச்சை நிறுத்திய அதே தம்பி. போய்க் கதவைத் தட்டுங்கள் என்றால், யார் வீட்டுக் கதவை என்கிறார். வந்த ஆத்திரத்தில் நானே போய்த் தட்டினேன்.

திறந்தவரைப் பார்த்துத் திகைத்துப்போனேன். இழுவைப் படகில் இயந்திரம் ஓட்டிய மனிதர், பாதியாக இளைத்துவிட்டார், இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த வாரம் நெஞ்சில் ஆபரேஷனாம், ஒருவரிடமும் சொல்லவில்லை. இதை நான் வாசலிலிருந்தே உன் அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். அவரோ எதிர்க் கிடங்குச் சுவரில், வண்டிகளை நிறுத்தாதீர் என்று எழுதியிருந்ததைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மெல்ல நடந்து போய்ப் பக்கத்தில் நின்று தானும் அதையே படித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில் அப்பாதான், சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆஸ்பத்திரிக்கு யாருடா கூட வர்றா?" என்றார். சித்தப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நான்தான் வரணும். வேற யாரு இருக்கா" என்று அப்பா சிடுசிடுத்தார்.

அதோடு இரண்டு பேரும் படகுத்துறைப் பக்கம் நடந்துவிட்டார்கள், நான் ஒருத்தி வாசலில் நிற்பது யாருக்கும் நினைவில்லை. அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்த பாத்திரத்தை நான்தான் இறக்கினேன். ஆபரேஷன் முடியும்வரை நாங்கள் இங்கேதான் என்று திரும்பி வந்து எனக்கு உத்தரவு போடுகிறார் உன் அப்பா. இப்போது மின்விசிறி வேண்டுமா வேண்டாமா என்று உள்ளே அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சண்டை.

நீ அகாலத்தில் சாப்பிடாதே, உடம்பைப் பார்த்துக்கொள். இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். ஞாயிறன்று போன் செய்யும்போது சித்தப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசு. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே, உன் அப்பாவே இன்னும் கேட்கவில்லை.

உன் அம்மா