உன் பாத்திரத்தில் ஊற்றினால் உன் சமையல் ஆகிவிடாது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அவள் சின்ன மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, வாயைத் திறந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சிரிப்பையே நிறுத்தி வைத்திருக்கிறாள்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. விடுமுறைக்கு முன்னால் உங்கள் ஆபீஸில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று எழுதி, எனக்கு வெந்நீர் தவிர எதுவும் வைக்கத் தெரியாது, கடையில் வாங்கி என் பாத்திரத்தில் மாற்றி நானே செய்தேன் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். இந்த வாரம் அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து அப்பால் வைத்துவிட்டேன். ஏன் என்று கேள். எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையிலும் போன வெள்ளிக்கிழமை அதே விருந்துதான், வில்லை தேய்க்கிறவர்கள் மெருகு போடுகிறவர்கள் எல்லாம் சேர்த்துப் பதினாறு பேர். மத்தியானம் தண்ணீர்க் குடத்தை நிரப்பலாம் என்று பின்பக்கம் போனேன். வில்லை கழுவுகிற தொட்டி ஓரம், சாம்பல் நிறச் சேறு காய்ந்து அப்பிக்கிடக்கிற அந்த மேடைமேல், எங்கள் மேற்பார்வை அம்மா கடையில் வாங்கிய மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களைத் திறந்து, கோழியும் மயோனைஸும் கலந்த ஏதோ ஒன்றைப் பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. விரலால் வழித்தார், விரலை நக்கினார், நக்கிய விரலாலேயே மேலே சமப்படுத்தினார். அதைவிடக் கேவலம், என்னைப் பார்த்ததும் கண்ணடித்து, "முந்தாநாளோட தேதி முடிஞ்சிடுச்சு, அதனால என்ன, ஒண்ணும் ஆகாது. யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் காலையில் ஐந்து மணிக்கே எழுந்து செய்தேன் என்று அந்த அம்மா அளந்தார், என்ன கைமணம் என்று எல்லோரும் உருகினார்கள். கிண்ணம் என்னிடம் வந்தபோது நான் எடுத்துக்கொள்ளாமல் அடுத்தவர் பக்கம் நகர்த்திவிட்டேன். அவ்வளவுதான் நான் காட்டிய வீரம். பெட்டி கட்டி டேப் ஒட்டுகிற பகுதியில் டேப்காரர் என்று ஒருத்தர் உண்டு, ஐம்பது வயதிருக்கும், தனி ஆள், இத்தனை வருஷமும் ஓட்டல் சாப்பாடு, இந்த விருந்துக்காகத்தான் முதன்முதலாக அடுப்பு வாங்கிப் பற்றவைத்தாராம். முட்டையை அவித்துப் பாதியாக வெட்டி மிளகுத்தூள் தூவி, வில்லை அடுக்குவதுபோல் வரிசை பிசகாமல் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். நான் இரண்டு தின்றேன்.

திங்கட்கிழமை ஏழு பேர் வேலைக்கு வரவில்லை, வாந்தியும் பேதியும், அதில் இரண்டு பேருக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மேற்பார்வை அம்மா கொஞ்சமும் கூசாமல் முதலாளியிடம் போய், "அடுப்பு பத்தவைக்கத் தெரியாதவங்க எல்லாம் சமைச்சா இப்படித்தான் ஆகும்" என்று பழியை முட்டைமேல் போட்டார், விருந்தில் அவர் தன் கோழியைத் தட்டில் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேப்காரரை வீட்டுக்குப் போ, கூப்பிட்டால் வா என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனிதர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு என்மேலேயே இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. அவர் அதை நம்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு பட்டறைக்கு வந்து ஒவ்வொரு மேஜையாக நின்று கேட்டார். என்னிடம் வந்து, "அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? கடிகாரத்தைப் பாத்து பன்னெண்டு நிமிஷம் வேக வச்சேன், எங்க தப்புன்னே தெரியலக்கா" என்றார். அந்த நக்கிய விரலைவிட என் வாய்தான் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன். "முட்டை நானும்தான் தின்னேன். கோழியைத் தொடல. ஏன் தொடலன்னு இந்தம்மாவுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து, டப்பா, தேதி, விரல் எல்லாவற்றையும் முதலாளி காதில் விழுகிற மாதிரி சொன்னேன். என்மேல் அபாண்டம் என்று அந்த அம்மா கத்தினார். அப்போது மெருகு போடுகிற பெரியவர், முதல்நாள்வரை வாந்தி எடுத்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்த முகத்தோடு, "எனக்கு முட்டை ஆகாதும்மா. நான் தின்னது கோழி மட்டும்தான்" என்றார்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. டேப்காரரை அங்கேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அதோடு சரி. விடுமுறை நேரத்தில் எதற்கு மனஸ்தாபம், விட்டுத்தள்ளுங்கள் என்றார் முதலாளி. மேற்பார்வை அம்மா அதே நாற்காலியில்தான் இருக்கிறார், என்னைத்தான் தேய்ப்பு மேஜையிலிருந்து எடுத்துக் கழுவுகிற தொட்டிக்கு மாற்றிவிட்டார். அவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை, சொன்ன என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அன்று சாயங்காலம் டேப்காரர் வாசலில் காத்திருந்து கேட்டது ஒன்றே ஒன்று, "அப்போ என் முட்டை நல்லாத்தான் இருந்துச்சாக்கா?" நல்லா இருந்துச்சு, உப்புதான் கொஞ்சம் பத்தல என்றேன். முகமெல்லாம் மலர்ந்துபோய்விட்டது மனிதருக்கு.

ஆகையால் கண்ணு, வாங்கினால் வாங்கினேன் என்று சொல், அதில் ஒரு கேவலமும் இல்லை. செய்வதென்றால் எதுவும் கஷ்டமில்லை. கொண்டைக்கடலையை முதல்நாள் ஊறப்போட்டு, நசுக்கினால் மசிகிற வரை வேகவைத்து ஆறவிடு, வெங்காயம், தக்காளி, எலுமிச்சைச்சாறு, உப்பு சேர்த்துக் கிளறு, தீர்ந்தது வேலை, வெங்காயத்தை மட்டும் கிளம்புகிற நேரத்தில் நறுக்கு, முன்னாலேயே போட்டால் நாற்றம் எடுக்கும். அதுவும் முடியாதென்றால் உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து உரித்து, வெண்ணெயும் மிளகும் உப்பும் போட்டுப் பிரட்டு. அடுப்பே வேண்டாமென்றால் பழங்களை வெட்டிப் போடு, ஆப்பிள் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச்சாறு பிழி. வெள்ளரிக்காயும் தயிரும் கொண்டுபோவதானால் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே கல, இங்கேயே கலந்தால் தண்ணீர் விட்டுப்போகும். கோழி, மீன் பக்கமே போகாதே. ருசி பார்க்கிற கரண்டி வேறு, கிளறுகிற கரண்டி வேறு, இதை மறந்தால் நீ என் பிள்ளையே இல்லை.

வேலையில் உனக்கு எதற்கு வம்பு என்று அப்பா முதலில் என்னைத் திட்டினார், இப்போது தினமும் என் கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார், தொட்டித் தண்ணீரில் தோல் உரிகிறது. நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேர் முகத்தை நேராகப் பார்க்கிறவனாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் அதுதான். நகத்தை வெட்டிக்கொள், கம்பளிப் போர்வையை வெயிலில் போடு. நீ கொண்டுபோனதை யாரும் தொடாமல் மிச்சம் வைத்தால் குப்பையில் கொட்டாதே, வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து நீயே சாப்பிடு, எப்படி இருந்தது என்று உள்ளதை உள்ளபடி எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா