நாலு முடிச்சு

1964 மே 15, வெள்ளி

காலையிலிருந்து மேகம் இறங்கிக் கிடக்கிறது. நூல் ஈரம். கையில் வழுக்குகிறது.

பாக்கி: பாவாடை நாடா ஆறு கஜம். குதிரைப் பட்டை இரண்டு, முதுகு மூட்டையோடு வயிற்றைச் சுற்றி இறுக்குவது. ஒன்று பூம்பாறை மாயாண்டிக்கு, ஒன்று பள்ளங்கி செல்லையாவுக்கு. நாளை மத்தியானம் பக்கத்து வீட்டு ஜைனம்புவோடு மலர்க் கண்காட்சி. பச்சைச் சேலைக்கு இஸ்திரி.

மே 16, சனி

தூறல். மாயாண்டி பட்டை, பாதி நெய்தபோது ஓரத்து நூல் நாலும் அறுந்தது. ஒரு சாண் பிரித்து, புது நூலைப் பழையதோடு சேர்த்து வைத்து மறுபடி நெய்ய வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும். வாசலில் ஜைனம்பு. "வெரசா வாடி. கூட்டம் சேந்துருச்சுன்னா பூவா தெரியும், மண்டைதான் தெரியும்."

முடிச்சுப் போட்டேன். நாலும் ஒரே இடத்தில். மேலே நெய்து மூடியாயிற்று. அல்லாவுக்கும் எனக்கும்தான் தெரியும். செல்லையாவுடையதையும் அதே வேகத்தில் முடித்தேன்.

டேலியா ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். அந்தக் குளிரில் ஐஸ்கிரீம். சிரித்துச் சிரித்து வயிற்று வலி.

மே 17, ஞாயிறு

சந்தை. இருவரும் பட்டை வாங்கிப் போனார்கள். மாயாண்டி தடவிப் பார்த்து, "அக்கா கை வேலைன்னா கேக்கவே வேணாம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மே 19, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

பூம்பாறைப் பாதையில் மாயாண்டி குதிரையின் பட்டை அறுந்துவிட்டதாம். பூண்டு மூட்டை அவர் மேலேயே விழுந்து கால் முறிவு. எங்கள் கடையில் யாரோ, "கட்டத் தெரியாம கட்டிருப்பான்." இவர், என் வீட்டுக்காரர், "நம்ம வீட்டுப் பட்டை, யானையக் கட்டுனாலும் அறாது." திரைக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டேன்.

மே 21, வியாழன்

அறுந்த பட்டையோடு மாயாண்டி பெண்சாதி வள்ளி வந்தாள். மாயாண்டியைச் சுமைக்கு வைத்திருந்த பூண்டு முதலாளி வேறு ஆள் வைக்கப் போகிறாராம்.

"மன்னிச்சுக்கங்கக்கா. அந்த மனுசன் சரியாக் கட்டாம உங்க பட்டைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டாரு."

என்னிடம் மன்னிப்பு! காப்பி கொடுத்தேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல. "இனிப்பு தூக்கலா இருக்குக்கா" என்று சொல்லிக் குடித்தாள்.

பட்டையை வைத்துவிட்டு அவள் போனபின் பார்த்தேன். நாலு நுனியிலும் முடிச்சின் சுருள். குதிரை வியர்வையில் நழுவி, அங்கிருந்தே நடுவரை கிழிசல். அதை வெட்டி அடுப்பில் போட்டால் தீர்ந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். நான் பாவி.

மே 22, வெள்ளி

"உடம்புக்கு என்ன?" என்றார் இவர். தலைவலி என்றேன். இன்னொரு பொய்.

மே 24, ஞாயிறு

சந்தை. மூடுபனி. பூண்டு முதலாளி கடைக்கு வந்தார். "பாய், புது ஆளுக்கு உங்க வீட்டுப் பட்டையே குடுங்க. மாயாண்டிப் பய மாதிரி இல்ல, இவன் சோலி தெரிஞ்சவன்." இவர் சிரித்தார்.

திரையை விலக்கி வெளியே போனேன். வெட்டாமல் வைத்திருந்த அறுந்த துண்டை முதலாளி முன்னால் வைத்தேன். "மாயாண்டி கட்டுனது சரிதாங்க. நாந்தான் முடிச்சுப் போட்டேன். பூப் பாக்கப் போற அவசரம்."

முதலாளி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாயாண்டிகிட்ட நானே பேசிக்கிறேன்." துண்டோடு போய்விட்டார். பட்டை வாங்கவில்லை.

கடை சாத்தியதும் இவர் கேட்டார்:

"அன்னைக்கு ரெண்டு பட்டையில்ல முடிச்ச?"

செல்லையா. பள்ளங்கி இறக்கம். நாளை வெள்ளனே சுமை ஏற்றுவார். இத்தனை நாளும் நினைக்காமலா இருந்தேன்? நினைத்தேன். இங்கே எழுதக்கூடத் துணியவில்லை.

"அதுலயும் இருக்குங்க" என்றேன்.

கடையில் தொங்கிய பழைய பட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். பள்ளங்கிக்கு, நடந்தே. மழை பிடித்துக்கொண்டது. குடை இங்கேதான் கிடக்கிறது.