ரப்பர் துருவல்

வியாழன் காலை

என் அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

நானும் குட்டியும் நலம். நீயும் நலம் என்று உன் கையெழுத்தில் பார்க்கும்வரை எனக்கு நிம்மதி கிடையாது. மலையில் உங்கள் வேலை முகாமுக்கு டீசல் கொண்டுவரும் லாரிக்காரர் வாசலில் நிற்கிறார். டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுங்கள் என்கிறார். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்காதே. நம் பிக்கப்பில் நான் மாட்டிக் கொடுத்த புது டயர், பாரம் ஏற்றினால் சக்கரத்துக்கு மேலே தகரத்தின் உள்பக்கம் உரசுகிறது.

இதற்கு நீ சிரிப்பாய். எனக்குக் கால் உடைந்து நீ வண்டியை எடுத்த நாளிலிருந்து நான் பயப்படாத நாள் இல்லை. மேகம் கறுத்தால் போகாதே என்றேன். ஹாரன் சத்தம் மாறியிருக்கிறது, பார் என்றேன். பயப்படுவதே உங்களுக்கு முழுநேர உத்தியோகமாகிவிட்டது என்று நீ சொன்னாய். வாஸ்தவம்தான்.

இந்த டயரும் அந்தப் பயத்தில் வந்ததுதானே. போன மாதம் மழையில், ஆறாவது வளைவில், பின்சக்கரம் வழுக்கி விளிம்புவரை போய் நின்றதை, இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். மறுநாளே ஊன்றுகோலோடு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதே அளவில், ஆழமாக வெட்டு விழுந்த, சேற்றில் நன்றாகப் பிடிக்கும் டயரைத்தான் எடுத்துப் போட்டார். எனக்கு அது போதவில்லை. அதைவிட இரண்டு அளவு பெரியது வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்படியானால் பாரம் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கடையில் பத்து மூட்டை சிமெண்ட் இரவல் வாங்கித் தருகிறேன் என்றார் அந்த மனுஷன். பதினைந்து வருஷமாக இதே வண்டியை ஓட்டியவனுக்கா பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். காலி வண்டியை ஒடித்துப் பார்த்தோம், எங்கும் இடிக்கவில்லை. வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

நேற்று குட்டி கேட் ஓரத்தில் குந்தி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். (முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட டப்பாவில் வைத்திருக்கிறாள்.) "அப்பா, யாரோ இங்க உக்காந்து ரப்பர் வச்சு நிறைய அழிச்சிருக்காங்க" என்றாள். கறுப்புக் கறுப்பாகத் துருவல். ஞாயிற்றுக்கிழமை, புது டயரில் முதல் பாரமாக, மணல் ஏற்றி வந்து நீ வளைத்துத் திருப்பிய அதே இடம். கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது என்று நீ சொன்னாய். மணல் சிந்துகிற சத்தம் என்று சொன்னது நான்தான். நீ அதை நம்பி மறுநாள் காலை கிளம்பிவிட்டாய்.

துருவலை அள்ளிக்கொண்டு கடைக்காரரிடம் ஓடினேன், ஊன்றுகோலோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வண்டி எங்கே என்று மட்டும் கேட்டார். மலையில் என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏறும்போது காய்கறி மட்டும் என்பதால் தப்பித்திருக்கிறது, இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மொத்தப் பாரமும் முன்னால் வந்து அமுக்கும், வளைவில் முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே கவ்விக்கொண்டால் ஸ்டியரிங் திரும்பாது, இல்லாவிட்டால் டயர் கிழியும் என்றார். மொத்தம் பதினோரு வளைவு. நேற்றிலிருந்து மனதுக்குள் எத்தனை தடவை அந்த மலையை இறங்கிவிட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவைகூட ஆறாவது வளைவைத் தாண்ட முடியவில்லை.

அங்கே போன் எடுக்காது. லாரிக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால், "அவருக்கு வேற வேலை இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு நீ சாவியைத் திருகுவாய். அதனால்தான் துருவலைப் பொட்டலம் கட்டி இதோடு வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்பவே வேண்டாம். முன்சக்கரத்துக்கு மேலே, உள்பக்கம், கையை விட்டுத் தடவிப் பார். ஓரிடத்தில் தேய்ந்து வழவழவென்று ஒரு கோடு இருக்கும் என்கிறார் கடைக்காரர். அந்தக் கோட்டை நம்பு.

சரியான அளவில் நான்கு டயர் ஒதுக்கி வைத்தாயிற்று. திங்கட்கிழமை லாரியில் உன் தம்பி ஏற்றிக்கொண்டு வருவான். மாட்டின பிறகு இறங்கு. குழாய் தாமதமாகிறது என்று மேஸ்திரி கத்தினால் என்னைத் திட்டிக்கொள்ளச் சொல், காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

லாரிக்காரர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டார். நீ மலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் வந்துவிடு என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் குட்டி பல் டப்பாவோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருட்டும்வரை தெருவில் நம் வண்டி வரக்கூடாது. இந்த ஒரே ஒரு தடவை, என் கண்ணே, வராதே.

உன்
பயந்தாங்கொள்ளி