சத்தம் போடாத ஊர்

செப்டம்பர் 9

மறுபடியும் மழை. வடதுருவக் கடலோரத்தில், பனி விழ வேண்டிய மாதத்தில் ஊரெல்லாம் சேறு. நான் வேலை பார்க்கும் வானிலை நிலையத்து மாடியிலிருந்து வடக்கே தொலைநோக்கியில் பார்த்தேன். வெறும் கறுப்புத் தண்ணீர். ஐஸ் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறதோ, கண்ணுக்கு எட்டவில்லை.

செப்டம்பர் 14

வந்துவிட்டன. பாறை முனைக்குக் கீழே, நீண்ட தந்தங்களோடு சுமார் நூறு வால்ரஸ்கள். பெரும்பாலும் குட்டியோடு வந்த தாய்கள். முன்பெல்லாம் நடுக்கடலில் மிதக்கும் ஐஸின் மேலேயே இளைப்பாறும். இப்போது படுக்க இடம் நம் கரைதான். கண் மூடியதும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு தூங்குகின்றன. அப்படி ஒரு அசதி.

செப்டம்பர் 17

கரை கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன.

ஊர்க்கூட்டத்தில் அண்ணன் பனாந்தோ எழுந்து, இப்போதே நாலு வெடி போட்டு விரட்டிவிடலாம் என்றான். யாரும் ஆச்சரியப்படவில்லை. போன வருடம் ஒரு விமானம் தாழப் பறந்தது. மிரண்டு போன கூட்டம் கடலை நோக்கி ஓடியதில் குட்டிகள் நசுங்கிச் செத்தன. பிண வாடைக்குக் கரடிகள் வந்தன. பள்ளிக்கூடப் படியில் ஏறி நின்ற தாய்க் கரடியை அண்ணன்தான் சுட்டான். அதைப் பற்றி அவன் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

"விரட்டினா எங்க போகும் அண்ணே? படுக்க ஐஸ் இல்லையே" என்றேன்.

"அதுங்களுக்கு நீ பெரியம்மாவா? நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்."

அவன் சொன்னதில் என்ன தப்பு? எனக்கும் பயம்தான். ஆனாலும் விடவில்லை. கூட்டம் மிரளாவிட்டால் பிணம் இல்லை, பிணம் இல்லாவிட்டால் கரடிக்கு இங்கே வேலை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கை தூக்கச் சொன்னார்கள். மயிரிழையில் ஜெயித்தேன். நாய்களை உப்பங்கழிக்கு அப்பால் கட்டுவது, மோட்டார் வண்டியோ படகோ கிளப்புவதில்லை, கரையைச் சுற்றி முறை வைத்துக் காவல். காவலுக்குத் தலைமை தாங்க அண்ணனைக் கேட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 18

காலையில் காவலுக்கு முதல் ஆளாக அண்ணன் வந்து நின்றான். கையில் நீளக் கழி.

செப்டம்பர் 30

ஊருக்கு வரும் விமானத்தின் விமானி, நான் கேட்டுக்கொண்டபடி கூட்டத்தின் மேலே பறக்காமல் மலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார். எரிபொருள் வீணாகிறது என்று வானொலியில் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டட்டும். சுற்றிப் போனாரே!

அக்டோபர் 6

கரடி. இளசு, விலா எலும்பு தெரிந்தது. கரைக்கும் ஊருக்கும் நடுவில் வந்து நின்றது. துப்பாக்கி வெடித்தால் மொத்தக் கூட்டமும் மிரளும். அண்ணன் கழியை முன்னே நீட்டியபடி மெதுவாக, மெதுவாக அதை நோக்கி நடந்தான். அவன் அதனிடம் பேசுவது காற்றில் கேட்டது.

"போப்பா. இங்க எல்லாரும் தூங்குறாங்க. உனக்கு இங்க ஒண்ணும் இல்ல. போ."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது மேற்கே திரும்பி நடந்தது. பேசியே அனுப்பிவிட்டான்! திரும்பி வந்து கழியை ஊன்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அக்டோபர் 12

சரக்குக் கப்பல் வந்துவிட்டது. குளிர்காலம் முழுவதற்கும் மாவு, டீத்தூள், சர்க்கரை, டீசல் எல்லாம் அதில்தான். சரக்கு இறக்கும் வழக்கமான இடத்துக்குப் பக்கத்திலேயே வால்ரஸ் கூட்டம். சங்கு ஊதாதீர்கள், முனைக்குத் தெற்கே போய் நில்லுங்கள் என்று கேப்டன் கிளெப் சாவிச்சை வானொலியில் கெஞ்சினேன். அங்கே இறக்கினால் ஊர்வரை சதுப்பு, வண்டி வராது, நாளை மறுநாள் நான் கிளம்பியாக வேண்டும் என்கிறார்.

கடைக்கார எய்னவுத் நேரே நிலையத்துக்கே வந்துவிட்டாள். அலமாரியில் தீப்பெட்டியைத் தவிர எதுவும் இல்லையாம். "டீ இல்லாம ஒரு ஊரை எப்படிடி சத்தம் போடாம வச்சிருப்ப?"

என்ன செய்யப் போறேன்? பிள்ளைங்களைப் பட்டினி போட்டா வால்ரஸைக் காப்பாத்துறது? ஒண்ணும் புரியல —

அக்டோபர் 13

அண்ணன் மைக்கை என் கையிலிருந்து வாங்கினான். "கேப்டன், முனைக்குத் தெற்காலயே இறக்குங்க. சுமந்துக்கிறது எங்க பாடு."

"எதுல சுமப்பீங்க?"

"முதுகுலதான். வேற எதுல?"

கேப்டன் சரி என்றார்.

அக்டோபர் 14

கை மரத்துப் போயிருக்கிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

ஊரே வந்தது. ஆசிரியர்கள், நர்ஸ், கைக்குழந்தையை முன்னால் கட்டிக்கொண்டு முதுகில் சர்க்கரை சுமந்த பெண்கள். முழங்கால்வரை சேறு. வழியில் இருந்த மேட்டுக்குக் கீழேதான் மொத்த வால்ரஸ் கூட்டமும் படுத்திருந்தது. அவற்றின் குறட்டை எங்களுக்குக் கேட்டது. எங்கள் சத்தம் அவற்றுக்குக் கேட்கவில்லை. எல்லாம் சைகைதான். டீசல் பீப்பாய்களை மட்டும் அங்கேயே விட்டோம். பனி விழுந்த பிறகு இழுத்துக்கொள்ளலாம். அதுவரை ஜெனரேட்டரும் விளக்கும் பாதி நேரம்தான்.

மத்தியானம் எய்னவுத் வழுக்கி விழுந்தாள். டின் ஒன்று பாறையில் மோதிக் கணகணவென்று உருண்டது. கீழே நூற்றுக்கணக்கான தலைகள் நிமிர்ந்தன. தந்தங்கள் எல்லாம் எங்கள் பக்கம். நின்ற இடத்தில் சிலையானோம். எய்னவுத் சேற்றில் குப்புறக் கிடந்தபடியே, எழவும் இல்லை, முனகவும் இல்லை. ஒரு கிழட்டு ஆண் வால்ரஸ் இருமியது. பக்கத்தில் இருந்ததைத் தந்தத்தால் ஒரு குத்து குத்திவிட்டுத் திரும்பிப் படுத்தது. அதைப் பார்த்து மற்றவையும் தலையைச் சாய்த்தன.

சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு! கண்ணில் தண்ணீர் வழிய வழிய, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஓர் ஊர் முழுக்கச் சிரித்தது.

இருட்டுவதற்குள் கடைசி மூட்டையும் வந்து சேர்ந்தது. அந்த மூட்டையைச் சுமந்து வந்தவர் கேப்டன். கப்பல் சங்கு ஊதாமலே போயிற்று.

ஜெயிச்சிட்டோம். ஜெயிச்சிட்டோம்!

நவம்பர் 4

காலையில் கடல் கூழ் போலக் குழைந்து கிடந்தது. பிறகு வெள்ளைத் தட்டுகள். மூன்று வாரம் தாமதம், ஆனாலும் வந்துவிட்டது ஐஸ். கூட்டம் கூட்டமாகத் தண்ணீரில் இறங்குகின்றன. குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு போகின்றன.

நவம்பர் 6

கரை காலி. அண்ணனும் நானும் முனைவரை நடந்து பார்த்தோம். வயதாகிச் செத்த சில, நசுங்கிய குட்டிகள் ஏழு. போன வருடம் எண்ணி முடிக்கவே முடியவில்லை. ஊருக்குள் ஒரு கரடியும் வரவில்லை, ஒன்றையும் சுடவில்லை. அடுத்த வருடம் ஐஸ் இன்னும் தள்ளிப் போகலாம். தெரியும். இன்று அதை நினைக்கப் போவதில்லை.

நவம்பர் 11

கிழக்கே இருக்கும் ஊரிலிருந்து வானொலியில் கூப்பிட்டார்கள். அங்கே இன்னும் ஐஸ் கட்டவில்லை. நேற்றிலிருந்து வால்ரஸ்கள் கரையேறுகின்றனவாம், துப்பாக்கியை எடுக்கலாமா என்று ஆட்கள் கேட்கிறார்களாம். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"துப்பாக்கியக் கீழ வைங்க. மொதல்ல நாய்ங்கள தூரமா கொண்டுபோய்க் கட்டுங்க. அப்புறம் சொல்றேன், ஒவ்வொண்ணா எழுதிக்கங்க."

வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். நான் டீ போட்டுக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தேன்.