பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன்

அரியலூர்
10-3-1947

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு, உங்கள் மனைவி செங்கமலம் எழுதிக்கொண்டது. நானும் குழந்தை ராசாத்தியும் சுகம். இந்த முறை அது பொய்யில்லை.

சனிக்கிழமையோடு உங்கள் பரீட்சை முடிந்திருக்கும். அது முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலே அரியலூர் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செந்துறையில் நம் வீடு இப்போது இல்லை. பதறாமல் முழுவதும் படியுங்கள்.

கார்த்திகையில் கடலை பிடுங்கத் தொடங்கியதும் பண்ணைக்காரர் வைத்திலிங்கம் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். "பட்டாளத்துலேருந்து வந்தவன் பேசாம காட்டுல எறங்கியிருக்கணும். மெட்ராசுக்குப் போயி ஊரான் ரத்தத்தைக் கண்ணாடியில வச்சுப் பாக்குற படிப்பு ஒங்க தெருக்காரனுக்கு எதுக்கு? எட்டு நாள்ல அவன் வரல்லன்னா என் மனையைக் காலி பண்ணு" என்றார். "அவரு வரமாட்டாருங்க. வரச்சொல்லி நானும் எழுதமாட்டேன்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன் மாமா.

உங்கள் சித்தப்பா அமாவாசை ஒரு கார்டு வாங்கிவந்து, குழந்தைக்குக் காய்ச்சல், பிழைக்காது என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால்தான் நீங்கள் ரயிலேறுவீர்களாம். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய குடிசையும் அதே ஆள் மனையில்தான் நிற்கிறது. கார்டை வாங்கி, 'இங்கு யாவரும் நலம், கவலையில்லாமல் படிக்கவும்' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். அதைப் பார்த்த பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் பதிலைக் கூரை இல்லாத வீட்டில் உட்கார்ந்து படித்தேன்.

பண்ணை ஆட்கள் கூரை ஓலையைப் பிரித்துப் போட்ட மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என் அம்மா காத்தாயியும் கூடவே வந்துவிட்டாள். இங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் துணி அலசும் வேலை கிடைத்தது. பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள்.

மாசி பிறந்த சமயம் மீன்சுருட்டியிலிருந்து பெரிய வீட்டுப் பெண் ஒருத்தியை வண்டியில் கொண்டுவந்தார்கள். குழந்தை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது. உதவிக்கு வேறு ஆளில்லாததால் நர்ஸ் கிருஷ்ணம்மாள் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் மாமியார் என் ஊர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டு, இவள் தொடக்கூடாது என்றாள். நர்ஸம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இவ புடிக்கலன்னா புள்ள தங்காது. பாக்க முடியலன்னா வெளியில போயி நில்லுங்க" என்றார். வலியில் கிடந்த பெண்ணே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த காயம் ஒரு வாரம் இருந்தது. ஆண் குழந்தை. முதலில் அழவில்லை. நர்ஸம்மா சொன்னபடி முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அழுதது. மாமியார் வீடு திரும்பும்போது நர்ஸம்மாவை மட்டும் கும்பிட்டுவிட்டுப் போனாள். போகட்டும்.

மறுநாள் நர்ஸம்மா நான் எதுவரை படித்தேன் என்று கேட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது என்றேன். திருச்சியில் மருத்துவச்சிப் பயிற்சி இருக்கிறதாம். ஒன்றரை வருஷம் விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். ராசாத்தியை அம்மா பார்த்துக்கொள்வாள். இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா, "புருசனும் பொண்டாட்டியும் படிக்கப் போயிட்டா அடுப்ப யாரு பத்தவைக்கிறது?" என்றாராம். பசிக்கிறவர்கள் பற்றவைக்கட்டும்.

உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் செய்முறைப் பயிற்சி பாக்கி இருக்கிறது. கோபத்தில் கிளம்பி வந்துவிடாதீர்கள். வந்தால், வைத்திலிங்கம் நினைத்தது நடந்துவிடும். சான்றிதழை வாங்கிக்கொண்டு வாருங்கள். செந்துறைக்கு வேண்டாம், அரியலூர் ஸ்டேஷனில் இறங்குங்கள்.

இத்துடன் பயிற்சிக்கான விண்ணப்பத்தாள் வைத்திருக்கிறேன். 'கணவன் சம்மதம்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். நீங்கள் மதராசுக்குப் புறப்பட்டபோது என் சம்மதத்தை யாரும் தாளில் எழுதி வாங்கவில்லை. கேட்காமலே கொடுத்தேன். இந்த மாதக் கடைசிக்குள் தாள் திருச்சி போய்ச் சேரவேண்டும்.

நீங்கள் எடுத்த படிப்பு நல்லபடியாக முடிய, தினமும் வேண்டிக்கொள்கிறேன். யோசிக்கவேண்டும் என்று தோன்றினால், கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு யோசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செங்கமலம்