நிறம் போன தண்ணீர்

அரியலூர், செவ்வாய் இரவு

சாயப்பட்டறைக் கழிவுநீரில் களிமண்ணைக் கலந்து பார்க்கும் என் சோதனை போன வாரம் பலித்தது. சிவப்பு முழுவதும் மண்ணோடு படிந்து, தொட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. உப்பு மட்டும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு எச்சரிக்கைப் பலகை எழுதி வைக்காமல், போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வயல் செல்வி அக்கா அந்தத் தண்ணீரை மொண்டு மிளகாய் நாற்றுக்கு ஊற்றியிருக்கிறார். இன்று போய்ப் பார்த்தேன். பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை.

“முன்ன மாதிரி செவப்பா இருந்திருந்தா கிட்டயே போயிருக்க மாட்டேங்க சார்,” என்றார்.

அறிக்கையில் ‘நிறம் முழுமையாக நீங்கியது’ என்று நேற்றுத்தான் எழுதினேன். இன்று அந்த வரியைத் தாண்டிப் பேனா நகரவில்லை.